சேவு வைத்தால் ஓடும் அம்பு

பை என் மடியிலேயே இருக்கட்டும் தாயி. மேலே வைத்தால் இந்த பஸ் குலுக்குகிற குலுக்கலில் எல்லாம் நொறுங்கிப்போகும். சேவு. சாத்தூரில் எங்கள் சொந்தக் கடைச் சேவு. சங்கரன்கோவிலில் இறங்கி வேறு பஸ் பிடித்து சுரண்டைக்குப் போகவேண்டும். மருமகள் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், பேத்தி பிறந்திருக்கிறது. இந்த பஸ் நேரத்துக்குப் போகுமா? போகும் என்கிறாய். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த பஸ் போய்விட்டால் நான் அங்கே நின்றுகொண்டு என்ன செய்வேன் என்று ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

நீ என்ன வேலை பார்க்கிறாய்? கம்ப்யூட்டரிலா? அப்படியானால் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். தராசு என்றால் என்ன செய்யும்? எடை போடும். உனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, சேவு வாங்க வருகிற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. அவ்வளவு பெரிய படிப்புப் படித்த கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியாமல் போகும்? சொல்கிறேன், கேள்.

எங்கள் கடையில் கல்லாவில் உட்காருவது நான்தான். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான்தான். என் மகன் மாரீஸ்வரன் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவனைப் படிக்கவைத்தேன், கல்யாணம் பண்ணிவைத்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் அந்த ஸ்டூலில்தான். வீட்டில் இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் தாயி. டிவியில் அழுகிறவர்களைப் பார்த்து நானும் அழுதுகொண்டிருப்பேன்.

மருமகள் பெயர் ஆவுடைச்செல்வி. அவள் வந்த மறு வருஷம் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தராசு பழையதுதான், கரண்டுத் தராசு. அதிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினார்கள். தட்டில் சேவை வைத்தால் எடை தானாகப் போய்விடும். நான் சேவுப் படத்தை அழுத்தினால் பில் வந்துவிடும். அழுத்துகிற சாமானுக்கு மவுஸ் என்று பெயர். அதை நகர்த்தினால் திரையில் ஒரு அம்பு நகரும். எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், பொறுமையாக. அவளிடம் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஒன்றே ஒன்றுதான். லாபம் வைக்கமாட்டாள்.

உங்கள் பக்கம் உண்டோ என்னவோ. நாங்கள் முதல் அளவையை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். அதற்கப்புறம்தான் இரண்டு, மூன்று. கடை திறந்ததும் ஒரு கை சேவை அள்ளித் தட்டில் வைத்து ‘லாபம்’ என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதல் போணி ஆகிறவரை அதை எடுக்கக்கூடாது. முதலில் வருகிறவருக்கு அதையே கட்டிக்கொடுக்கவேண்டும். ஆவுடை வந்த பிறகு கடையைத் திறக்கிறது அவள் என்றாகிவிட்டது. நான் குளித்து, சோறு வடித்து, கோயிலுக்குப் போய்விட்டு வர பத்தாகிவிடும். “லாபம் வச்சியா?” என்று கேட்டால், “மறந்துட்டேன் அத்தை” என்று சிரிப்பாள். சிரித்தால் நான் என்ன செய்ய?

வளைகாப்பு முடிந்து அவளை அனுப்புகிற அன்றைக்குக் காரில் ஏறிக்கொண்டே கேட்டாள். “அத்தை, தீவாளி ஏவாரம் வருதே, கம்ப்யூட்டரைத் தனியாச் சமாளிச்சிருவீங்களா?”

“நீ நல்லபடியாப் பிள்ளையைப் பெத்து எடுத்துட்டு வா. கடையை நான் பாத்துக்கிடுதேன். நீ வாரதுக்கு முந்தியும் இந்தக் கடையில சேவு வித்துச்சு” என்றேன்.

மறுநாள் நானே திறந்தேன். இத்தனை நாள் விட்டுப்போனதற்கும் சேர்த்து நல்ல கை நிறைய அள்ளி லாபம் வைத்தேன். விளக்கைப் பொருத்தினேன். பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். எல்லாம் முறைப்படி.

முதலில் வந்தது வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு சார்வாள். திரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் லாபத்தை அவருக்குக் கட்டிவிட்டு, அவர் கேட்ட ஓமப்பொடியைத் தட்டில் போட்டேன். போட்டதுதான் தாமதம், திரையில் அந்த அம்பு, விளக்கைப் போட்டதும் கரப்பான்பூச்சி ஓடுமே, அப்படி ஓடியது. நான் மவுஸைத் தொடவே இல்லை. மூலைக்கு ஓடுகிறது, திரும்புகிறது, எதையோ திறக்கிறது, மூடுகிறது. காலண்டர் வந்து நிற்கிறது. எடை இருக்கவேண்டிய இடத்தில் முட்டை. சார்வாள் எட்டிப்பார்த்து, “என்ன சண்முகத்தாயி, கம்ப்யூட்டருக்குச் சாமி வந்திருச்சா? குறி கேப்பமா?” என்றார். ஓமப்பொடியைத் தட்டிலிருந்து எடுத்தேன். அம்பு நின்றுவிட்டது. திரும்ப வைத்தேன். திரும்ப ஓடியது. துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்து அவரை அனுப்பினேன்.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. மைசூர்பாகு வைத்தால் மெதுவாக ஓடும், காராச்சேவு வைத்தால் குதித்து ஓடும். எனக்கு அப்படித்தான் பட்டது. சாயங்காலக் கூட்டத்தில் கையால் எழுதிக் கட்டுப்படியாகுமா? நின்றுகொண்டே இருந்தவர்கள் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

மாரீஸ் காலையில் அடுப்படியில் நிற்பான், பிறகு வண்டியில் சரக்கு கொண்டுபோவான். அவன் வந்து பார்த்துவிட்டு, “யம்மா, எதையாவது கண்டதை அழுத்திட்டியா?” என்றான்.

“நான் ஏன் அழுத்துதேன்? அது தானா ஓடுது.”

“தானா எப்படி ஓடும்?”

“உங்கப்பா இருக்கும்போது எந்தத் தராசாவது இப்படி ஆடிச்சா?”

“அப்பா இருக்கும்போது கம்ப்யூட்டரே இல்லையேம்மா.”

அவனிடம் பேசி ஜெயிக்கமுடியாது. ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது ஒன்று சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “தீவாளிக்குள்ள இது சரியாகலைன்னா சீனிராஜைக் கல்லாவுல உக்கார வைக்கலாம்னு இருக்கேன். காலேஜ் முடிச்ச ஆளு. நீ வீட்டுல நிம்மதியா இரு.”

நிம்மதியா! சீனிராஜ் அவன் கூட்டாளியின் தம்பி, நல்ல ஆள்தான். ஆனால் என் ஸ்டூல் தாயி, அது என் ஸ்டூல்.

என்னென்னவோ செய்தேன். எலுமிச்சம்பழம் வைத்தேன். கம்ப்யூட்டரை மூன்று தடவை சுற்றி மிளகாய் போட்டேன். புகையில் எனக்குத்தான் இருமல். ஒரு வருஷமாக லாபம் வைக்காத குறைதான் இது என்று புரிந்துபோனதால் லாபத்தை இன்னும் அழுத்தமாக வைத்தேன். கம்ப்யூட்டர் முழுசாக எழும்பிப் படமெல்லாம் வருகிறவரை அதன் பக்கத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு நிற்பேன். ஒரு நாள்கூட விடவில்லை.

இதில் ஒரு அதிசயம் கேள். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒழுங்காக இருக்கும். கோவில்பட்டி பஸ் கண்டக்டர் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளாக வருவார். நான் விளக்குப் பொருத்தி முடிப்பதற்குள், “அக்கா, பஸ் நிக்குது, சீக்கிரம்” என்று அவசரப்படுத்துவார். லாபத்தை அவருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் கம்ப்யூட்டரையே போடுவேன். அன்றைக்கு முழுவதும் அம்பு அசையாது. என்ன கைராசி பார்! தினமும் வாருங்கள் தம்பி என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் வேறு ரூட்டாம். மாரீஸிடம் சொன்னேன். “அப்ப சீனிராஜ் வேண்டாம், கண்டக்டரையே கல்லாவுல உக்கார வச்சிருவோமா?” என்கிறான். இதெல்லாம் பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா?

தராசு ரிப்பேர் பார்க்கிற ஜஸ்டினைச் சிவகாசியிலிருந்து வரவழைத்தோம். மத்தியானம் வந்தார். தட்டைத் துடைத்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அரைக் கிலோ படிக்கல்லை வைத்தார். அரைக் கிலோ என்று அழகாகக் காட்டியது. அம்பு பூனை மாதிரி படுத்துக்கிடக்கிறது.

“நல்லாத்தானம்மா இருக்கு?”

“நீங்க போனதும் ஆடும் பாருங்க.”

“அப்ப நான் இங்கேயே படுத்துக்கிடவா?” என்று சிரித்துவிட்டு, கரண்டுதான் கோளாறு என்று சொல்லிப் போனார். மறுநாள் காலை பழைய குருடி, கதவைத் திறடி. நான் சொன்னேனா இல்லையா?

ஆவுடைக்குப் பிள்ளை பிறந்து, அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு போனில் விவரம் கேட்டாள். “காலையில எப்படிப் போடுதீங்க அத்தை?”

“நீ போடுற மாதிரிதான் போடுதேன்.”

“போடும்போது தட்டுல ஏதாவது சாமான் இருக்குமா?”

“ஒண்ணும் இருக்காது” என்றேன். லாபம் ஒரு சாமானா தாயி? அது சாமி காரியம். சாமி காரியத்தை யாராவது சாமான் கணக்கில் சொல்வார்களா? அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். “அப்ப எனக்குத் தெரியலையே அத்தை” என்றாள். பச்சை உடம்புக்காரியைப் போட்டு யோசிக்கவைக்கிறோமே என்று எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஆர்டர். வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு பாக்கெட் சேவு, எடை அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி. செவ்வாய்க்கிழமை பாதி பாக்கெட்டைப் போட்டு முடித்துவிட்டேன். மறுநாள் காலை மாரீஸ் அதை வண்டியில் ஏற்றினான். “மிச்சம் மத்தியானத்துக்குள்ள வேணும்மா. நான் எறக்கிட்டு வாரேன். முடியாட்டி இப்பவே சொல்லு, சீனிராஜ் வாரேன்னு சொல்லியிருக்கான்.”

“முடியும் போ” என்றேன். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை, கண்டக்டரும் வரமாட்டார்.

அவன் போனதும் ஆவுடை வீடியோவில் கூப்பிட்டாள். தினமும் காலையில் பேத்தியைக் காட்டுவாள். வேலை கிடக்கிறதே என்று போனை மிச்சர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, பேத்தியோடு பேசிக்கொண்டே கடையைத் திறக்கிற வேலையைப் பார்த்தேன். ஒரு கை சேவு அள்ளினேன். “லாபம்” என்று தட்டில் வைத்தேன். கம்ப்யூட்டரின் பொத்தானுக்குக் கை கொண்டுபோனேன்.

“அத்தை! அத்தை! நில்லுங்க!” என்று ஒரே கத்தல். நான் பயந்து பின்னால் இருந்த டின்னில் இடித்துக்கொண்டேன்.

“என்னம்மா? பிள்ளைக்கு என்ன?”

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. அது என்ன தட்டுல?”

“எங்க?”

“தராசுத் தட்டுல அத்தை.”

“லாபம்.”

“தினமும் வைக்கீங்களா? வச்சுக்கிட்டேதான் கம்ப்யூட்டரைப் போடுவீங்களா?”

“பின்ன? உன்னை மாதிரி மறந்துருவேனா?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. போன் ஆடுகிறது, பேத்தி அழுகிறது, “பச்சை உடம்பை வச்சுக்கிட்டு இப்படியாட்டீ சிரிப்பே” என்று அவள் அம்மா சத்தம் போடுகிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு சொன்னாள்.

கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது, அதற்கு உள்ளே கெர்னல் என்று ஒரு பெரிய ஆள் இருக்குமாம். ஆள் என்றால் ஆள் இல்லை, எழுதிவைத்த புத்தி. அது, வயர் சொருகியிருக்கிற ஒவ்வொரு வாசலாகப் போய் ‘யார் இருக்கிறது?’ என்று கேட்குமாம். பிரிண்டர் தன் பெயரைச் சொல்லும், கீபோர்டு தன் பெயரைச் சொல்லும். பெயரைக் கேட்டதும், இந்தச் சாமானோடு பேசத் தெரிந்தவன் யார் என்று தன்னிடம் இருக்கிற ஆட்களில் பொருத்தம் பார்த்து, அவனிடம் ஒப்படைத்துவிடும். அப்படிப் பேசத் தெரிந்தவனுக்கு டிரைவர் என்று பெயர். உனக்குத்தான் தெரியுமே.

“நம்ம தராசு பழசு அத்தை. அதுக்குப் பேர் சொல்லத் தெரியாது. தட்டுல ஏதாவது இருந்தா எடையைச் சொல்லும், விடாமச் சொல்லிக்கிட்டே இருக்கும். தட்டு காலியா இருந்தா வாயைத் திறக்காது. கம்ப்யூட்டர் வந்து யாருன்னு கேக்குற நேரத்துல, நீங்க வச்ச லாபத்தை அது கத்திக்கிட்டே இருந்திருக்கு. அந்த வாசல்ல முந்திக் காலத்துல ஒரு மாதிரி மவுஸ் சொருகுவாங்க. அதுதான் கத்துதுன்னு நெனச்சு, மவுஸோட டிரைவர் கையில புடிச்சுக் கொடுத்துருச்சு. அப்புறம் தராசு சொல்ற எடையெல்லாம் அவனுக்குக் கை அசைக்கிற மாதிரி. பில் போடுறவனுக்கு எடையே வந்து சேராது.”

எனக்கு இது உடனே விளங்கிவிட்டது தாயி. மாரீஸ் கல்யாணத்தில் இப்படித்தான் நடந்தது. மண்டப வாசலில் நின்றவர், வருகிறவர்களையெல்லாம் நீங்கள் யார் என்று கேட்டு, பெண் வீட்டார் அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கம் என்று அனுப்பிக்கொண்டிருந்தார். மைக்செட்காரர் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. அவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறவர் மாப்பிள்ளையின் தாய்மாமாவாகத்தான் இருக்கவேண்டும் என்று மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாலை போட்டுவிட்டார்கள். அங்கே பாட்டுப் போட ஆளில்லை. தப்பு யாருடையது? வாசலில் நின்றவருடையதுதானே? அதையேதான் நானும் சொல்கிறேன். கம்ப்யூட்டருடைய தப்பு.

“சரி, அதுக்கு இப்ப என்ன செய்யணும்?” என்றேன்.

“தட்டைக் காலி பண்ணிட்டுக் கம்ப்யூட்டரைப் போடுங்க. அவ்வளவுதான்.”

“போணி ஆகாம லாபத்தை எடுக்கச் சொல்லுதியா? தீவாளி வாரத்துல? அது மட்டும் என்னால முடியாது.”

அவள் பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். தெருவைப் பார்க்கிறேன், ஒரு ஈ காக்கா இல்லை. பிறகு சொன்னாள். “அத்தை, ஒரு கை சேவு எனக்குக் கட்டுங்க.”

“உனக்கா?”

“ஆமா. நான்தான் இன்னைக்கு முதல் போணி. நீங்க சுரண்டைக்கு வரும்போது கொண்டு வாங்க.”

இதற்கு என்ன சொல்வாய்? கட்டி, அவள் பெயரை எழுதி வைத்தேன். இந்தப் பையின் அடியில் இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் மேலே இருக்கிறதிலிருந்து எடுத்துத் தருகிறேன், அது மட்டும் கிடையாது.

பொத்தானை அழுத்தப் போனேன். அதற்குள் அவளே, “இருங்க அத்தை. தினமும் நான் போணி பண்ண முடியுமா? ஒரேயடியாச் சரி பண்ணிருவோம். லாபத்தைத் திரும்ப வச்சே போடுங்க. அது தப்பு பண்ணட்டும், கையும் களவுமாப் புடிப்போம்” என்றாள். இன்னொரு கை வைத்துப் போட்டேன். அம்பு ஓடியது. “இப்பத் தட்டைக் காலி பண்ணுங்க.” நின்றது.

அதற்கப்புறம் அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கம்ப்யூட்டர் எந்தச் சாமானை எவனிடம் கொடுத்திருக்கிறது என்று வரிசையாகப் போட்டிருக்கிற இடம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், மவுஸ் படம் இரண்டு இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு மவுஸ்!

“ஒண்ணு நம்ம மவுஸ் அத்தை. இன்னொண்ணு நம்ம தராசு. தராசை மட்டும் தள்ளி வைக்கணும். மாத்தி அழுத்திட்டீங்கன்னா இருக்குற மவுஸும் போயிரும். அப்புறம் இன்னைக்கு ஒண்ணும் ஓடாது. பக்கத்துல என்ன எழுதியிருக்கு?”

இங்கிலீஷ். எழுத்து தெரியும், சேர்த்து வாசிக்க வராது. போனைக் கிட்டே கொண்டுபோனால் அவளுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரிகிறதாம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முதல் வரியில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதில் நடுவில் பி, ஏ, எல், எல். “பந்து!” என்றேன். “ஆவுடை, பந்துன்னு போட்டிருக்கு!”

“அதேதான் அத்தை! அந்தக் காலத்து மவுஸுக்கு உருண்டை இருக்கும். அதைத்தான் தள்ளி வைக்கணும். அழுத்துங்க.”

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அந்தப் படத்தின் மேல் ஒரு அடையாளம் விழுந்தது. பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, லாபத்தைத் தட்டில் வைத்து, வைத்தபடியே போட்டேன். இரண்டு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. பேத்திகூட அழுகையை நிறுத்திவிட்டாள். படமெல்லாம் வந்தது. அம்பு அப்படியே நிற்கிறது. எடை இருக்கிற கட்டத்தில் என் ஒரு கை சேவின் எடை வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குத்தான் என் கை எவ்வளவு அள்ளும் என்று எனக்கே தெரிந்தது.

மத்தியானம் மாரீஸ் சீனிராஜையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். பாக்கெட் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிக் கூரைவரை அடுக்கியிருக்கிறது. சீனிராஜுக்குக் கொஞ்சம் மிச்சர் கொடுத்தேன். வந்த பிள்ளை சும்மா போகக்கூடாதே. பாக்கெட்டை வண்டியில் ஏற்ற ஒத்தாசையாக இருந்தான், நல்ல பலம்.

மாரீஸுக்கு நம்பிக்கை வரவில்லை. பெண்டாட்டிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டான். “என்னதான் கோளாறு அதுல?”

“கம்ப்யூட்டர் தராசைத் தப்பாப் புரிஞ்சுக்கிடுச்சு. அத்தைதான் உக்காந்து சரி பண்ணாங்க. நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அது ஏன் நீ போன பிறகு மட்டும் தப்பாப் புரிஞ்சுக்கிடுச்சு? அம்மா எதுவும் பண்ணாங்களா?”

“அத்தை என்ன பண்ணுவாங்க? அது பழைய தராசுல்ல” என்றாள்.

மாரீஸ் என்னைப் பார்த்தான். நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். சீனிராஜை தீபாவளி வரைக்கும் வண்டிக்கு வைத்துக்கொள்கிறேன் என்றான். கல்லாப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. தீபாவளி முடிந்து, நேற்று என் ஸ்டூலுக்கு ஒரு புது மெத்தைகூடத் தைத்துக்கொண்டு வந்து போட்டான்.

எதற்குச் சிரிக்கிறாய் தாயி? நடந்ததைத்தானே அவள் சொன்னாள்? தப்பாகப் புரிந்துகொண்டது கம்ப்யூட்டர், சரி பண்ணியது நான். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லவே தெரியாது. எனக்கு இப்போது அது ஒன்றுதான் கவலை. நாளைக்கு எனக்கப்புறம் அந்த ஸ்டூலில் உட்காரப் போகிறவள், கொஞ்சமாவது பொய் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டாமா?